திரை ஏறும் வேகம்

வுப்பர்ட்டால், ஜெர்மனி
6 நவம்பர் 1994

தேவானந்தத்துக்கு,

நான் சுகமாயிருக்கிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவை அடக்கம் செய்த அன்று, மாலையை எங்கே வைப்பது என்பதைத் தவிர நாம் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நாலு வருஷம் போய்விட்டது. இந்தக் கடிதமும் ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

1985-இல் சபை வேலையாக அங்கே வந்த போதகர் ஒருவரின் பெட்டியில் உனக்கு ஏழு இசைத்தட்டுகள் அனுப்பினேன். நினைவிருக்கும். நம் வீட்டில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை. வெளிநாட்டுப் பாட்டில் என்ன வார்த்தை இருக்குமோ என்று அப்பாவுக்குப் பயம். அதனால் பாட்டே இல்லாமல் சிந்தசைசரில் மட்டும் வாசித்த தட்டுகளாகப் பார்த்துச் சேர்த்தேன். வார்த்தையே இல்லாதபோது கெட்ட வார்த்தைக்கு இடமேது என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

அந்த ஏழில் ஒன்று ஹெல்முட் ப்ரோக்மான் என்பவர் செய்தது. நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர், போன வருஷம் ஓய்வு பெற்றார். 1983-இல் தன் வீட்டு நிலவறையில் தனியாக உட்கார்ந்து வாசித்து, சொந்தச் செலவில் முந்நூறு தட்டு போட்டார். 'மூன்றாம் எக்ஸ்ரே அறை' என்று பெயர். நாற்பது விற்றது, அதில் ஒன்று நான் வாங்கியது. மறு வருஷம் குளிரில் குழாய் வெடித்து நிலவறையில் தண்ணீர் ஏறியதில் மீதித் தட்டுகளும் மூல டேப்பும் போய்விட்டன. அவரிடமே ஒன்று இல்லை. இத்தனை வருஷமும் அதைப் பற்றி அவர் பேசியதும் இல்லை.

இப்போது ஹாம்பர்க்கிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யாரும் சீண்டாமல் போன இப்படிப்பட்ட தட்டுகளைத் தேடி பழைய சாமான் சந்தைகளில் அலைகிறான். கிடைத்ததைச் சின்ன கம்பெனி ஒன்றின் மூலம் சிடியாக வெளியிடுகிறான். ஹெல்முட்டின் பெயரை எங்கேயோ படித்துவிட்டுக் கதவைத் தட்டினான். "என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை" என்று ஹெல்முட் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். "இந்தியாவில் என் தம்பியிடம் ஒன்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

நீ அதை என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். உபதேசியார் மகன் கொடுத்த இசைக்கு, அம்மன் பெயர் வைத்த சினிமாக் கொட்டகையில் திரை ஏறுகிறது என்று சபையில் பேசினார்கள். அப்பா மூன்று ஞாயிறு பிரசங்க மேடை ஏறவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டியதை 1986-இலேயே எழுதிவிட்டேன். நீ பதில் போடவில்லை. மறுபடி எழுத இப்போது வரவில்லை.

தட்டு உடையாமல் இருந்தால் நல்ல அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பு. என் வார்த்தையை நம்பி ஒரு மனிதர் காத்திருக்கிறார்.

தபீதாள்


மேற்குத் தாம்பரம்
28 நவம்பர் 1994

அக்காவுக்கு,

ரெக்கார்டு இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. மற்ற ஆறும் இருக்கின்றன. என் ரெக்கார்டிங் சென்டரில் நீ அனுப்பிய ஏழுக்கும் தனி ஷெல்ஃப். மேலே 'ஜெர்மன்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஸ்டேஷன் பக்கம் வேறு எந்தக் கடையிலும் அது கிடையாது. பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்தில் பேய் வரும் காட்சிக்கும், மேஜிக் ஷோவில் பெட்டியை அறுக்கும் காட்சிக்கும் சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டை வரை என்னிடம்தான் வந்து கேசட் போட்டுக்கொள்கிறார்கள். பாலிடெக்னிக் பையன்கள் கடை வாசலில் நின்றே முழுக்கக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

கொட்டகை விஷயத்தை நீ சொன்னவிதம் எனக்குத் தெரியும். நடந்தவிதம் உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

இரும்புலியூர் துளசிங்கம் அண்ணன் ஏரிக்கரை நிலத்தில் பயிர் வைப்பதை விட்டுவிட்டு ஸ்ரீ செல்லியம்மன் டாக்கீஸ் கட்டிய புதிது. ஒருநாள் கடைக்கு வந்தார். நான் உன் எக்ஸ்ரேக்காரரின் ரெக்கார்டைப் போட்டிருந்தேன்.

"இன்னா தேவா, இது இன்னா மியூசிக்கு? மிஷினு மூச்சு வுட்ற மாதிரி கீதே?"

"ஜெர்மன், அண்ணா."

"பாட்டு எப்ப வரும்?"

"வராது அண்ணா. இதுல பாட்டே கிடையாது."

"அப்ப எனுக்கு குடு. பாட்டு போட்டா ஜனம் கூடவே பாடிகினு கீது. அவ்ளோ செலவு பண்ணி திரை வாங்கி, கலர் பல்பு போட்டுக் கீறேன். அது ஏற்றத ஒருத்தனும் பாக்க மாட்டேன்றான்."

கேசட்டில் பதிவு செய்து கொடுத்தேன். ஒன்பது வருஷமாகத் தினமும் எல்லாக் காட்சிக்கும் திரை அதற்குத்தான் ஏறுகிறது. வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் அது கேட்டதும் கிளாஸை வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறார்கள். குரோம்பேட்டையில் இரண்டு கொட்டகைக்காரர்கள் அதே கேசட்டைக் கேட்டு வந்தார்கள். துளசிங்கம் அண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காக நான் தரவில்லை. வாக்கு கொடுத்துவிட்டால் மாறாத ஆள் நீ மட்டும் அல்ல.

ரெக்கார்டைத் தபாலில் அனுப்ப முடியாது. மூன்று பேர் மாற்றி எறிவார்கள். நல்ல கேசட்டில் பதிவு செய்து இத்துடன் அனுப்புகிறேன். கேட்டுப் பார்க்கச் சொல்.

தேவானந்தம்


வுப்பர்ட்டால்
30 டிசம்பர் 1994

தேவானந்தம்,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேசட் வந்தது. ஹெல்முட்டை வரச்சொல்லி என் அறையில் போட்டோம். அவர் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு எழுந்து, தானே கையால் நிறுத்தினார்.

"சிஸ்டர் தபீதாள், இது யாரோ நல்ல மனிதர் செய்த இசை. ஆனால் என்னுடையது அல்ல" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

உன்னிடம் அந்தத் தட்டு இல்லை. யாருக்கோ கொடுத்துவிட்டாய், அல்லது உடைந்துவிட்டது. இல்லை என்று இரண்டு வரி எழுதியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஏதோ ஒன்றைப் பதிவு செய்து அனுப்பி, என்னைப் பொய்க்காரி ஆக்க வேண்டிய அவசியம் என்ன? ஒன்பது வருஷம், எல்லாக் காட்சி என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, கொட்டகையில் ஓடுவது எந்த இசை என்றாவது உனக்குத் தெரியுமா?

தபீதாள்


மேற்குத் தாம்பரம்
16 ஜனவரி 1995

அக்கா,

பொங்கல் விடுமுறையில் கடையை மூடிவிட்டு இதை எழுதுகிறேன். ரெக்கார்டு என் எதிரே மேஜைமேல் இருக்கிறது. இருப்பதைச் சொல்கிறேன்.

வெள்ளை அட்டை. முன்பக்கம் ஒரு கையின் எக்ஸ்ரே படம். இங்கே பையன்கள் அதை 'எலும்புக் கை' என்றுதான் கேட்பார்கள். நடுவில் ஒட்டிய காகிதத்தில் ரப்பர் ஸ்டாம்பால் பெயர் மட்டும் அடித்திருக்கிறது, வேறு ஒரு எழுத்தும் இல்லை. முதல் பக்கம் ஆரம்பத்தில் ஏதோ மோட்டார் சுற்ற ஆரம்பிக்கிற மாதிரி ஒரு முனகல். அதன்மேல் ஒவ்வொரு சுரமாக வந்து உட்காரும்.

என்னைப் பொய்யன் என்று எழுதுமுன் உன் எக்ஸ்ரேக்காரரிடம் ஒன்று கேட்டிருக்கலாம். அட்டையில் இருப்பது யார் கை? அவருடையதுதான் என்றால், இடது கை சுண்டுவிரலைப் பார். படத்தில் இருப்பது எப்போதோ ஒடிந்து, கோணலாகச் சேர்ந்த எலும்பு. நான் பத்து வருஷமாகப் பார்க்கிறேன். உன் மேல் ஆணையாக இது அவர் ரெக்கார்டுதான். தான் செய்ததைத் தனக்கே தெரியாத மனிதருக்கு நான் என்ன செய்ய முடியும்?

விரலைப் பார்த்துவிட்டு எழுது.

தேவானந்தம்


வுப்பர்ட்டால்
12 பிப்ரவரி 1995

தம்பி,

பார்த்தேன்.

இருபது வருஷம் அடுத்த அறையில் வேலை செய்த மனிதரின் சுண்டுவிரலை நான் கவனித்ததே இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது கையைக் காட்டுங்கள் என்றேன். சபையார் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கேள்வி கேட்காமல் மேஜைமேல் கையை வைத்தார். கோணல்தான். ஏழு வயதில் பனிச்சறுக்கு வண்டியிலிருந்து விழுந்தாராம். உன் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். பிறகு, "அந்தக் கேசட்டை இன்னொரு முறை போட முடியுமா?" என்று கேட்டார்.

இந்த முறை நிறுத்தவில்லை. முதல் துண்டு முடிந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இது மூன்று நிமிஷம் இருக்க வேண்டும். நாலு இருக்கிறது" என்றார். அதன் பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். ஒலி சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் அந்தத் தட்டை நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓடும்படி வெட்டியிருக்கிறார். நீ முப்பத்து மூன்றில் ஓட்டியிருக்கிறாய். எல்லாமே மெதுவாகி, சுரமெல்லாம் கீழே இறங்கிவிட்டது. பெற்றவருக்கே பிள்ளை அடையாளம் தெரியாமல் போனதில் ஆச்சரியம் என்ன!

தட்டு உன்னிடம் இருக்கிறது என்று நீ எழுதியது உண்மை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து வருஷமாக ஒரு ஊர் முழுவதையும் தப்பாகக் கேட்கவைத்திருக்கிறாய் என்பதும் உண்மை. நாற்பத்தைந்தில் ஓட்டிக் கேட்டுவிட்டு எழுது.

தபீதாள்


மேற்குத் தாம்பரம்
11 மார்ச் 1995

அக்கா,

எங்கள் தொழிலில் பெரிய தட்டு என்றால் முப்பத்து மூன்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. கடைக்கு வந்த பெரிய தட்டெல்லாம் அப்படித்தான் ஓடியது. உன் ஆள் காகிதத்தில் வேகத்தை அடிக்கவில்லை. யாராவது பாடியிருந்தால் தொண்டை காட்டிக்கொடுத்திருக்கும். அதில் மனிதக் குரலே கிடையாது. அப்பாவுக்காக நீ வார்த்தை இல்லாத ரெக்கார்டாகப் பொறுக்கினாய். அதனால்தான் இது யாருக்கும் தெரியாமல் போனது.

நாற்பத்தைந்தில் கேட்டேன். முதலில் நான் மட்டும் கேட்டேன். பிறகு, கேட்பவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும் என்று புதுக் கேசட் பதிவு செய்து கொட்டகைக்கு எடுத்துப்போனேன். போன சனிக்கிழமை, சாயங்காலக் காட்சி, நல்ல கூட்டம். மேலே கேபினில் சிட்டிபாபு கேசட்டைப் போட்டார். கீழே திரைச் சக்கரத்தைச் சுற்றுகிற தசரதனுக்கு நாங்கள் சொல்லவில்லை. அவர் வழக்கமான கதியில் சுற்றினார். திரை முக்கால் ஏறுமுன் இசை முடிந்துவிட்டது. மீதித் திரை கிறீச் கிறீச்சென்று தனியாக ஏறியது. பல்பெல்லாம் மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது.

தரை டிக்கெட்டில் ஒருவர் எழுந்து நின்றார். "யோவ் ஆப்பரேட்டரு! இன்னாத்துக்கு இப்டி தொரத்தற? கடைசி வண்டிய புடிக்கணுமா?"

"மச்சான், மெஷினுக்கு பேதிடா!" என்றார் இன்னொருவர்.

அதற்குப் பிறகு விசிலும் கூச்சலும்தான். "பழ்சு போடு! பழ்சு போடு!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். படத்தைப் போட்டும் நிற்கவில்லை. கடைசியில் படத்தை நிறுத்தி, திரையை இறக்கி, பழைய கேசட்டைப் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஏற்றினோம். அப்போது ஒரு சத்தம் இல்லை. ஏறி முடிந்ததும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் துளசிங்கம் அண்ணன் என் தோளில் கை போட்டார். "உன் ஜெர்மன்காரரு இன்னா வோணா சொல்லிக்கட்டும் தேவா. படத்த வாரா வாரம் மாத்துவேன். இத மாத்த மாட்டேன்."

என் கருத்தையும் எழுதிவிடுகிறேன். வேகமாக ஓடும்போது அது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. மெதுவாக ஓடும்போது நன்றாக இருக்கிறது. அவர் செய்தார் என்பதற்காக அவர் வேகம் சரி என்று ஆகிவிடாது.

நாற்பத்தைந்தில் பதிவு செய்த கேசட்டும் இத்துடன் வருகிறது. ரெக்கார்டு வராது. வேண்டுமானால் நீயும் அவரும் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை. செல்லியம்மன் டாக்கீஸில் உட்கார்ந்து, திரை ஏறுவதை நீ ஒருமுறை கேட்க வேண்டும். 1986-இல் எட்டுப் பக்கம் எழுதினாய். எதைப் பற்றி எழுதினாயோ அதை நீ இன்றுவரை கேட்டதில்லை. கேட்டுவிட்டு, வேண்டுமானால் இன்னும் எட்டுப் பக்கம் எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

தேவானந்தம்


வுப்பர்ட்டால்
21 மே 1995

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

என்னைச் சபையில் முழு அங்கமாகச் சேர்த்த திடப்படுத்தல் ஆராதனை அன்று, எனக்குப் பதினாலு வயது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: சினிமாக் கொட்டகையின் வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று. அப்பா கேட்டதால் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். இங்கே வந்து இருபத்து மூன்று வருஷம். கூட வேலை செய்தவர்கள் கூப்பிடாத நாளில்லை. ஒருமுறைகூடப் போனதில்லை. இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நிபந்தனையைப் போட்டிருக்கிறாய்.

ஹாம்பர்க் இளைஞன் கேசட்டைக் கேட்டான். சிடிக்குக் கேசட் போதாது, தட்டே வேண்டும் என்கிறான். உன் ஜெர்மன் ஷெல்ஃபைப் பற்றிச் சொன்னேன். மற்ற ஆறின் பெயர்களையும் சொல்லச் சொன்னான். நாலாவது பெயரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான். அவற்றில் இரண்டை அவன் பேச்சாகக் கேட்டிருக்கிறானே தவிர, கண்ணால் பார்த்ததில்லையாம். தாம்பரம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினான். நான் விரல் வைத்துக் காட்டினேன்.

ஹெல்முட் நீ அனுப்பிய இரண்டு கேசட்டையும் எடுத்துப்போனார். முதல் வாரம் வேகமானதைக் கேட்டார். இப்போது அதைத் தொடுவதில்லை. மெதுவானதைத்தான் சமைக்கும்போதும் போடுகிறார். மோட்டார் மாதிரி ஒரு முனகல் என்று எழுதியிருந்தாயே, அது எக்ஸ்ரே இயந்திரம் சுற்ற ஆரம்பிக்கும் சத்தம். நோயாளியை மூச்சைப் பிடிக்கச் சொன்னதும் வரும் சத்தம். "எனக்குப் பழக்கமானது. ஆனால் படுத்திருப்பவருக்கு அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்பது உங்கள் தம்பியின் கேசட்டில்தான் தெரிகிறது" என்றார். கொட்டகையில் கைதட்டினார்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார். அவர் வாசித்ததற்கு இதுவரை யாரும் கை தட்டியதில்லை.

அவர் வர விரும்புகிறார். தனியாக அனுப்ப முடியாது. வெயிலும் பாஷையும் தெரியாத மனிதர்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கொட்டகைக்கு எத்தனை வாசல்? வெளியே போகும் வாசல் பக்கமாக இருக்கை உண்டா? திரை ஏறி முடிந்ததற்கும் படம் ஆரம்பிப்பதற்கும் நடுவில் எழுந்து வர நேரம் இருக்குமா?

வருகிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

தபீதாள்


மேற்குத் தாம்பரம்
9 ஜூன் 1995

அக்கா,

வாசல் நாலு. இடது பக்கம், பின்வரிசையில் கடைசி நாற்காலி. எழுந்து கை நீட்டினால் கதவு. திரை ஏறி முடிந்த பிறகு முதலில் விளம்பர ஸ்லைடுகள் போடுவார்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை, புகைபிடிக்காதீர். நீ நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வரலாம். துளசிங்கம் அண்ணனிடம் சொன்னேன். "உங்க அக்கா எழுந்து வெளிய போற வரிக்கும் ஸ்லைடு ஓட்டச் சொல்றேன். வேணும்னா ரெண்டு தபா ஓட்டலாம்" என்றார்.

இன்னொரு விஷயம். கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிற செல்லியம்மாள் போன வாரம் சொன்னது. கொட்டகைக்கு எதிரே ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஸ்டாப். அப்பா சாயங்காலம் பல்லாவரத்துக்கு ஜெபக்கூட்டம் போக அங்கேதான் நிற்பார். ஒலிபெருக்கி வெளியேயும் உண்டு.

"உங்க நைனா மியூசிக்கு ஓடிகினு இருக்கச்சொல்ல பஸ்ஸு வந்தா ஏற மாட்டாருப்பா. வுட்ருவாரு. முடிஞ்சப்பறம் வர்றதுலதான் ஏறுவாரு."

அவர் இசைக்காக நின்றாரா, கூட்டம் குறைந்த பஸ்ஸுக்காக நின்றாரா, எனக்குத் தெரியாது. நான் அவரைக் கேட்டதில்லை. செல்லியம்மாள் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

டிசம்பரில் வெயில் இருக்காது. மாடியில் இரண்டு அறை சுண்ணாம்பு அடித்து வைக்கிறேன். இரண்டு போதுமா, ஒன்று போதுமா என்று எழுது. வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம்.

தேவானந்தம்


வுப்பர்ட்டால்
18 பிப்ரவரி 1996

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். தட்டை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். உன் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை ஹெல்முட் மடியில். ஹாம்பர்க் இளைஞன் இங்கேயே வந்து வாங்கிப்போனான். கையில் வெள்ளைத் துணி உறை போட்டுக்கொண்டு வாங்கினான். மற்ற ஆறும் ஷெல்ஃபை விட்டு வராது, வேண்டுமானால் தாம்பரத்துக்கு வந்து கேட்டுக்கொள்ளட்டும் என்று நீ சொன்னதைச் சொன்னேன். ஏப்ரலில் டிக்கெட் எடுத்திருக்கிறான். வந்தால் மெதுவாகப் பேசு, ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும்.

சிடி மே மாதம் வரும். எந்த வேகத்தில் என்று பெரிய வாக்குவாதம். அசலாக வெளிவந்த வேகத்தைத்தான் தேடுகிறவர்கள் எதிர்பார்ப்பார்கள் என்றான் இளைஞன். ஹெல்முட் சத்தம் போடவில்லை. "வேகமாகக் கேட்டவர்கள் நாற்பது பேர். மெதுவாகக் கேட்டது ஒரு ஊர்" என்றார். முடிவாக உன் வேகம் முதலில் வருகிறது, அவர் வேகம் பின்னால். அட்டையில் அதே கைதான். உள்ளே ஒரு வரி: 'ஸ்ரீ செல்லியம்மன் டாக்கீஸ், இரும்புலியூர், திரை ஏறும் வேகம்'. உபதேசியார் மகள்தான் அதை ஜெர்மனில் எழுத்துக்கூட்டிக் கொடுத்தாள். துளசிங்கம் அவர்களிடம் சொல்.

அன்று கொட்டகையில் நடந்ததைப் பற்றி நாம் பேசவில்லை. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முனகல் ஆரம்பித்ததும் ஹெல்முட் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த அறையில் எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பார்! திரை மடிப்பு மடிப்பாக ஏறியது. சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. கடைசிச் சுரம் வரும்போது திரை போய் மேலே முட்டியது. கொஞ்சம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உடனே எல்லாரும் விசில் அடித்தார்களே, அது அன்றைக்கு வரப்போகிற கதாநாயகனுக்கு என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஹெல்முட் தனக்கு என்று நினைத்து, எழுந்து நின்று தலைவணங்கினார். நான் திருத்தவில்லை. இனிமேலும் திருத்தப்போவதில்லை.

ஸ்லைடுகளை மூன்று தடவை ஓட்டினார்கள். எனக்காகத்தான் என்று தெரிந்தது. நகைக்கடை, ஜவுளிக்கடை, புகைபிடிக்காதீர். கதவு கை எட்டும் தூரத்தில் இருந்தது. நீ பக்கவாட்டில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நானும் அதைக் கவனித்தேன். எழுந்திருக்கவில்லை. அதற்குக் காரணம் கேட்காதே. அப்பா விட்ட பஸ்களுக்கு என்ன காரணமோ, இதற்கும் அதுதான் என்று வைத்துக்கொள்.

இடைவேளையில் எழுந்து வந்தது பாவ பயத்தினால் அல்ல. நாற்காலியில் மூட்டைப்பூச்சி. ஹெல்முட்டின் முதுகில் இன்னும் தடிப்பு இருக்கிறது, மருந்து போட்டுவருகிறேன். துளசிங்கம் அவர்களிடம் இதை மட்டும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், படத்தில் அந்தப் பையன் செய்யாத குற்றத்துக்கு அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதே, ஜீப்புக்குப் பின்னால் அவன் அம்மா ஓடினாளே, பிறகு என்ன ஆயிற்று? அவனை விட்டார்களா? தாலிக்காக அந்தப் பெண் காத்திருந்தாளா, அல்லது அந்த மீசைக்கார மாமனுக்கே கட்டிவைத்துவிட்டார்களா?

ஹெல்முட் தினமும் கேட்கிறார் என்று எழுதத்தான் நினைத்தேன். அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

உடனே எழுது.

உன் அக்கா
தபீதாள்